பன்னிரண்டு தறி கட்

காலை ஒன்பது பத்துக்குச் சத்யப்ரியா தம் கைப்பேசியில் ஒரு வரி தட்டி அனுப்பினார். "அண்ணா, ஐயம்பேட்டை 12 தறி கட். நன்றி." நன்றி சேர்க்காமல் அவர் யாருக்கும் எதையும் அனுப்பியதில்லை. காவலாளிக்குக் கதவைத் திறக்கச் சொல்லி அனுப்பினாலும் கடைசியில் அது இருக்கும்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நிறுவனத்தின் திட்டப் பிரிவில் அவருக்கு வேலை. எந்த ஊர்க் கடை எந்த மாதத்தில் எத்தனை சேலை கேட்கும் என்று முன்கூட்டியே கணித்து, அதற்கேற்பப் பட்டும் ஜரிகையும் வாங்கச் சொல்லி, எந்தத் தறிக்கு எந்தப் பாவு என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒரு பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றும் இழைத்தொகுதி. அதில் மூன்று சேலை நெய்யலாம். ஆவணி முகூர்த்தங்களுக்கு நூற்றிருபது சேலை கேட்டிருந்த ஐதராபாத் கடை அன்று காலை எண்பத்து நாலு போதும் என்று எழுதியிருந்தது. முப்பத்தாறு குறைந்தது. ஆகவே பன்னிரண்டு தறிகளுக்கு ஆவணிப் பாவு வேண்டாம். இப்போது ஓடும் பாவு ஓடட்டும், அடுத்ததை மட்டும் கொடுக்க வேண்டாம் என்பதுதான் அவர் எண்ணியது. அலுவலகத்தில் இதைக் "கட்" என்பார்கள். சொல்லி ஒருவருக்கும் இதுவரை விளங்காமல் போனதில்லை.

ஆனால் அந்த வரி போய்ச் சேர்ந்த லோகேஸ்வரன் அலுவலகத்தில் உட்கார்ந்தவர் அல்லர். தறிவீடுகளுக்குப் பட்டு கொண்டுபோய்க் கொடுப்பதும் சேலை வாங்கிவருவதும் அவர் பொறுப்பு. முதலாளி அவரை வைத்திருந்தது தோள் வலிமைக்காக. இரண்டு வருடங்களுக்கு முன் திருப்புட்குழியில் நெசவாளி ஒருவர் நிறுவனத்தின் ஜரிகையை வெளியே விற்றுவிட்டபோது, "அந்தத் தறிய கட் பண்ணுடா" என்றார் முதலாளி. லோகேஸ்வரன் கத்தியோடு போய், ஓடிக்கொண்டிருந்த பாவைக் குறுக்கே அறுத்துவிட்டு வந்தார். முதலாளி எல்லோர் முன்னிலையிலும் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து அந்தச் சொல்லுக்கு அவரிடம் அந்த ஒரே பொருள்தான்.

ஒன்பது நாற்பத்தைந்துக்குப் புகைப்படம் வந்தது. அரக்குச் சிவப்புப் பாவு நடுவில் அறுபட்டு இரண்டு பக்கமும் தொங்கியது. கீழே எழுதியிருந்தது: "நாலு முடிஞ்சுது மேடம். அஞ்சாவது வீட்ல ஒரு அம்மா தகராறு பண்ணிக்கினு இருக்குது. பாத்துக்கறேன்."

சத்யப்ரியா உடனே லோகேஸ்வரனின் எண்ணைத் தட்டினார். ஏழு முறை அழைத்தார். மணி அடித்தது, எடுக்கவில்லை. முதலாளி ஜரிகை வாங்கச் சூரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்; அவர் கைப்பேசி அணைந்திருந்தது. தெருவில் வந்த ஷேர் ஆட்டோவை நிறுத்தி, முழு வண்டியையும் தமக்கே பேசிக்கொண்டு ஏறினார். வழி நெடுக ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தார். ஒரு சிறிய புரிதல் பிழை நேர்ந்துவிட்டது, தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள். "சிறிய" என்பதை இரண்டு முறை எடுத்துவிட்டு இரண்டு முறையும் திரும்பச் சேர்த்தார்.

ஐயம்பேட்டைத் தெருவில் இறங்கியபோது முதலில் கேட்டது சத்தம். ஈரத் துணியைக் கல்லில் அடிப்பதைப் போன்ற சத்தம். ஒரு வீட்டு வாசலில் தேவசகாயம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அறுபட்ட நான்காவது தறி அவருடையது. கத்தியை வெறுங்கையால் பிடித்துவிட்டார். வலது கையில் சுற்றியிருந்த துண்டிலிருந்து முழங்கை வரை இரத்தம் வழிந்து சொட்டிக்கொண்டிருந்தது. தெருவையே திரட்டிக்கொண்டு வந்தவர் அவர்தான்.

"யாரும்மா நீ?" என்றார்.

"ஆபீஸ்ல இருந்து…" என்று தொடங்கிய சத்யப்ரியா மேலே பேச முடியாமல் அவரைத் தாண்டி உள்ளே போனார்.

அது கங்கையம்மாள் வீடு. குழித்தறி. நெய்பவர் தரையளவில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை மிதிப்பது வழக்கம். கங்கையம்மாள் தம் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மிதிகள் பிடுங்கப்பட்டு மூலையில் கிடந்தன. குழிக்குள் மல்லாந்து கிடந்தவர் லோகேஸ்வரன். அந்த அம்மாள் இடது கால், வலது கால் என்று மாற்றி மாற்றி அவர் மார்பில் மிதித்துக்கொண்டிருந்தார், ஒன்பது நாளாக அந்தச் சேலைக்கு மிதித்த அதே நிதானத்தில். லோகேஸ்வரனின் தலைக்கு மேல் பாவின் ஓரத்தில் ஒரு சாண் அளவு கத்தி பாய்ந்து, இழைகள் சுருண்டு நின்றன. குழியின் மறுபுறம் மூன்று பேர். சேலை சுற்றும் உருட்டுக் கட்டையான படமரம் ஒருவன் கையில் இருந்தது. அது உயர்ந்தது, இறங்கியது. லோகேஸ்வரனின் தோள் எலும்பு முறிந்தது வெளியே வரை கேட்டிருக்கும்.

"எவன்டா அறுக்கச் சொன்னது?" என்றார் கங்கையம்மாள்.

"மேடம்… போன்ல பாரு…"

"போனத்தான் ஒடச்சாச்சே. எந்த மேடம்பா? பொம்பள பேரச் சொன்னா வுட்டுருவோம்னு பாக்கறியா?"

படமரம் மறுபடி இறங்கியது. முன்பற்கள் இரண்டு, மண்ணில் விழுந்த சோழிகளைப் போலத் தெரிந்தன. அவர் கண்கள் இரண்டும் வீங்கி மூடிவிட்டன. உள்ளே வந்து நிற்பது யார் என்று அவருக்குத் தெரியாது, மற்றவர்களுக்கும் தெரியாது. ஷேர் ஆட்டோ தெருமுனையில் இன்னும் திரும்பிக்கொண்டுதான் இருந்தது.

நடந்ததை வைத்து நடக்கப்போவதைச் சொல்வது சத்யப்ரியாவின் தொழில். தம்மையறியாமல் எண்ணினார். அவர் வந்தபின் பதினோரு அடி. முதல் நாலுக்கு லோகேஸ்வரன் அலறினார். அடுத்த நாலுக்கு முனகினார். கடைசி மூன்றுக்கு மூச்சு மட்டும் வந்தது. கோடு எங்கே போய் முடியும் என்பதைக் கண்டுபிடிக்கக் கணினி தேவைப்படவில்லை. இன்னும் ஆறு. அதிகம் போனால் ஏழு.

"நான்தாங்க," என்றார்.

ஒருவருக்கும் கேட்கவில்லை. அவர் குரல் அவ்வளவுதான். பன்னிரண்டாவது அடி விழுந்தது.

"மன்னிக்கணும், நான்தாங்க எழுதினேன்."

கட்டை மறுபடி உயர்ந்தது. சத்யப்ரியா ஓடிப்போய்க் குழியின் விளிம்பில் மண்டியிட்டுக் கையை நீட்டினார். லோகேஸ்வரனின் தலைக்கு வந்த அடி, நீட்டிய மணிக்கட்டில் இறங்கியது. வேறு யாரோ கத்துவதாக ஒரு கணம் நினைத்தார். கத்தியது அவர்தான்.

அப்போதுதான் வீடு அமைதியானது.

"நான்தான் அந்த மேடம். 'கட்'னு எழுதினேன். தறியை இல்லீங்க. திட்டத்துல. ஆவணிக்குப் புதுப் பாவு வேண்டாம்னு அர்த்தம்."

கங்கையம்மாள் கால்களை நிறுத்தினார். மடியில் கிடந்த நாடாவைக் கையில் எடுத்தார். ஊடையிழையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோகும் அந்தக் கட்டைக்கு இரண்டு முனையும் இரும்பு.

"ஆவணிக்குப் பாவு கெடயாது. அத அப்டியே எழுதறதுக்கு இன்னா கஷ்டம் உனக்கு?"

"பழக்கத்துல…"

"பழக்கம்," என்றார் கங்கையம்மாள். நாடாவின் முனை சத்யப்ரியாவின் புருவத்தில் இறங்கியது. கண்ணுக்குள் சூடாக ஏதோ வழிந்தது. மூன்று பேரில் ஒருவன் அவர் முடியைப் பற்றிச் சுவரில் மோதினான். இரண்டாம் முறை மோதுவதற்குள் கங்கையம்மாள், "வுடுடா. ஒத்துக்கினு வந்து நிக்குது. இவனத் தூக்குங்க, செத்துறப் போறான்," என்றார். அதில் இரக்கம் இல்லை. தம் தறிக்குழியில் பிணம் கிடக்கக் கூடாது என்ற கவலை இருந்தது.

அதே ஷேர் ஆட்டோவில் மூன்று பேரையும் ஏற்றினார்கள். ஒரு புறம் தேவசகாயம், மறு புறம் லோகேஸ்வரன், நடுவில் சத்யப்ரியா. மணிக்கட்டு கோணலாக மடியில் கிடந்தது. வண்டி குதிக்கும்போதெல்லாம் மூவரும் ஒன்றாக முனகினார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் லோகேஸ்வரன் இரத்தத்தைத் துப்பிவிட்டு வாயைத் திறந்தார். "நீங்க சொன்னதத்தான மேடம் செஞ்சேன்."

"ஆமாண்ணா."

"மிச்சம் எட்டு இருக்குது. அத இன்னா பண்றது?"

தேவசகாயம் சத்யப்ரியாவின் மேல் சாய்ந்து, நல்ல கையை முஷ்டியாக்கி லோகேஸ்வரனின் உடைந்த வாயிலேயே குத்தினார். ஓட்டுநர் திரும்பிப் பார்க்கவில்லை. முழங்கை இடித்ததில் சத்யப்ரியாவுக்கு மூச்சடைத்தது. அது தெளிந்ததும் லோகேஸ்வரனின் காதருகே குனிந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"அந்த எட்டுத் தறியில ஓடற பாவு ஓடட்டும். யாரும் தொடக் கூடாது. ஆவணிக்குப் புதுப் பாவு மட்டும் கிடையாது. இன்னொரு தடவ சொல்லுங்க, நான் இப்ப இன்னா சொன்னேன்?"

லோகேஸ்வரன் திருப்பிச் சொன்னார். பற்கள் இல்லாத வாயில் பாதிதான் விளங்கியது. சத்யப்ரியா மறுபடி சொல்லச் சொன்னார். நன்றி சொல்லவில்லை.