நாலு மாடி ஏறிய அலமாரி

ஒளிநாடாக் காப்பகத்தின் தொலைபேசி ஒலித்தபோது காலை மணி பத்து. காப்பகத்தின் பொறுப்பாளராகிய அவள், இரு கைகளிலும் வெள்ளைத் துணியுறை அணிந்து, ஒரு பழைய நாடாப் பெட்டியின் மேல் படிந்திருந்த தூசியைத் தூரிகையால் துடைத்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் பேசியவர் நெட்டையரின் மனைவி.

"அன்னைக்கு எங்க வீட்டுக்காரர்கிட்ட போன்ல பேசினது நீங்கதானேம்மா? அவர்கிட்ட அப்படி என்ன சொன்னீங்க?"

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? ஆறு வாரமா மனுஷன் மனுஷனா இல்ல. காலைல எழுந்ததும் கூட நடிச்சவங்க பேரெல்லாம் ஒப்பிக்கறாரு, பரீட்சைக்குப் போற பிள்ளை மாதிரி. எல்லாம் ஞாபகம் இருக்கு, அந்த அலமாரி சீன் மட்டும் வரலையேன்னு தலைல அடிச்சுக்கறாரு. டாக்டர் ஒண்ணும் இல்லன்னுட்டாரு. இவரு நம்பணுமே! இவரோட அண்ணனுக்குக் கடைசில பெத்த பிள்ளையே அடையாளம் தெரியாமப் போச்சு. தனக்கும் அது ஆரம்பிச்சிருச்சுன்னு பயந்து சாகறாரு. அந்த சீனை ஒரு தடவை போட்டுக் காட்டிடுங்கம்மா. புண்ணியமாப் போகும்."

"இன்னைக்கே எடுத்து வைக்கறேம்மா" என்று வாக்களித்துவிட்டு அவள் தொலைபேசியை வைத்தாள்.

நெட்டையர் என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயரன்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர், இந்தத் தொலைக்காட்சி நிலையம் வாரந்தோறும் ஒளிபரப்பிய 'பார்த்துத் தூக்கு' என்னும் நகைச்சுவைத் தொடர் அவருக்குச் சூட்டிய பெயர். வீடு மாற்றுவோரின் தட்டுமுட்டுச் சாமான்களைச் சுமந்து செல்லும் இரு கூலியாட்களே அதன் நாயகர்கள். ஒருவர் நெட்டையர், மற்றவர் உருண்டை. உருண்டை காலமாகி இருபது ஆண்டுகள் ஆகின்றன. நிலையத்தின் பொன்விழா நிகழ்ச்சிக்கு நெட்டையரை அழைக்கும் பொறுப்பு அவளிடம் வந்தபோது, அவள் சிறுமியாகவே மாறிப்போனாள். அழைப்பைச் சொல்லி முடித்த கையோடு, "உங்க சீன்லயே எனக்கு உசிரு அந்த அலமாரி சீன்தான், சார்" என்று தொடங்கி, அதைத் தொலைபேசியிலேயே ஒன்றுவிடாமல் விவரித்தாள். அவர், "ஆமா… ஆமா… இருக்கு, ஞாபகம் இருக்கு" என்று முனகினார். அதனை அவள் பெரிய மனிதரின் அடக்கம் என்று எண்ணிக்கொண்டாள்.

அந்தத் தொடரின் நாடாக்கள் காப்பகத்திலேயே இருந்தபோதிலும் அவற்றை ஓட்டவல்ல இயந்திரம் ஓர் உதிரிப்பாகம் கிடைக்காமல் பதினோர் ஆண்டுகளாக முடங்கிக் கிடந்தது. பொன்விழாவை முன்னிட்டுப் பொறியாளர் அதற்கு உயிர் கொடுத்துச் சரியாக நான்கு நாள்கள்தாம் ஆகியிருந்தன. அவள் 'அலமாரி' என்று எழுதப்பட்ட பெட்டியைத் திறந்து, நாடாவைப் பொருத்தி, நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தாள்.

தொடக்கமெல்லாம் அவள் நெஞ்சில் இருந்தவாறே திரையில் ஓடியது. அலமாரியின் சொந்தக்காரரான வீட்டுக்காரர் விரலை ஆட்டி ஆட்டி மிரட்டுகிறார். அலமாரி படிப்படியாக இரண்டாவது மாடிக்கு ஏறுகிறது. நெட்டையர் தம் கழுத்துத் துண்டால் நெற்றியைத் துடைக்கிறார். அடுத்து உருண்டை மெல்ல அலமாரிக்குள் நழுவவேண்டும். ஆனால் அவர் நழுவவில்லை. அலமாரி மாடிப்படியின் வளைவில் சிக்கிக்கொண்டது, வீட்டுக்காரர் திட்டினார், பிறகு மனம் இரங்கினார், மூவரும் அலமாரியின் மேல் அமர்ந்து தேநீர் அருந்தினர். முடிந்தது.

வேறு நாடாவில் இருக்கக்கூடும் என்று கருதி அவள் மற்றப் பெட்டிகளையும் திறந்தாள். பொழுது சாய்வதற்குள் முப்பத்தொரு வாரங்களின் முடிவுகளை மட்டும் பார்த்து முடித்தாள். முதல் மூன்றைத் தவிர வேறு எந்த முடிவும் அவள் அறிந்த முடிவாக இல்லை.

காரணம் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் தந்தை ரொட்டி சுடும் தொழிலாளி. விடியற்காலை இரண்டரை மணிக்கு எழவேண்டியவர். அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோ அவர் உறங்கும் அறையில் இருந்தது. தொடர் எட்டேகால் மணிக்குத் தொடங்கும். எட்டரை அடித்ததும் தந்தையின் கை நீண்டு குமிழைத் திருகும். யார் மூக்கால் அழுதாலும் அந்தச் சட்டம் தளர்ந்ததில்லை. பிற்பாதியை மறுநாள் காலை, பள்ளிக்கு நடக்கும் வழியில் அண்ணன் சொல்லுவான். அவன் வகுப்பில் சோடாபுட்டி என்றொரு கண்ணாடிக்காரப் பையன் இருந்தான். அவன் வீட்டில் முழுவதும் பார்ப்பார்கள். அவன் சொன்னதை அண்ணன் புத்தகப்பையை முதுகில் அலமாரியாக ஏற்றிக்கொண்டு, இரண்டு குரலில் நடித்துக் காட்டுவான். காதால் கேட்டவற்றையெல்லாம் கண்ணால் கண்டவையாகவே அவள் நாற்பது ஆண்டுகளாகச் சுமந்துகொண்டிருந்தாள்.

உடனே அண்ணனை அழைத்தாள். அவர் இப்போது மின்தூக்கி பழுதுபார்ப்பவர். ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியில், இயந்திர அறையில் இருந்தார்.

"அண்ணா, அலமாரிக் கதையை உனக்கு யார் சொன்னது?"

"எந்த அலமாரி? ஏய் வாலு, நான் கம்பிய கையில பிடிச்சிட்டிருக்கேன்."

"'பார்த்துத் தூக்கு'ல வருமே, அது. சோடாபுட்டிதானே சொன்னான்?"

அண்ணன் இயந்திரத்தை நிறுத்தும் ஓசை கேட்டது.

"சோடாபுட்டி மூணு வாரம் சொன்னான்" என்றார் அண்ணன்.

"அப்புறம்?"

"அப்புறம் அவங்க அப்பாவுக்கு மாற்றலாயிடுச்சு. குடும்பத்தோட போய்ட்டான்."

"மிச்சத்தையெல்லாம்?"

"நீ கதை சொன்னாத்தான் வருவேன்னு நடுரோட்டுல சப்பணம் போட்டு உக்காந்துடுவ. மணியடிச்சிட்டா எனக்குத்தான் அடி. நான் என்னத்தைப் பண்றது? வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

"நாப்பது வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே, பாவி!"

"நீ கேக்கவே இல்லையே."

அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் சற்றே செய்தாள். பிறகு நெட்டையரின் நிலையைச் சொன்னாள். அண்ணனின் குரல் மாறியது. "நாளைக்கு அரை நாள் லீவு போடறேன். ரெண்டு பேரும் போவோம். நீ பாட்டுக்குத் தனியா போய் அழுது வைக்காதே."

மறுநாள் பிற்பகல் அவர்கள் சென்றபோது நெட்டையர் சன்னலோரச் சாய்வுநாற்காலியில் இருந்தார். எழுபத்தெட்டு வயதிலும் அவருடைய முழங்கால்கள் அறையின் பாதித்தூரத்தை எட்டின. மேசைமேல் பழைய நாட்குறிப்புகள் கட்டுக்கட்டாகக் குவிந்திருந்தன. சுவரில் ஒட்டியிருந்த தாளில் நடுங்கிய எழுத்தில் ஒரு பெயர்ப்பட்டியல். ஒவ்வொன்றின் எதிரிலும் சரிக்குறி. கடைசி வரியில் 'அலமாரி' என்று மட்டும் எழுதியிருந்தது. அதன் எதிரில் எதுவுமில்லை.

அவள் நின்றவாறே எல்லாவற்றையும் சொன்னாள். தந்தையின் எட்டரை மணிச் சட்டத்தைச் சொன்னாள்; சோடாபுட்டி போனபின் அண்ணன் தானே கதை கட்டியதைச் சொன்னாள்; நாடாவில் கண்டதையும் சொன்னாள். "நீங்க எதையும் மறக்கல, சார். அப்படி ஒரு சீனே இல்ல. தப்பு என்னுது. மன்னிச்சிடுங்க."

நெட்டையர் புன்னகைத்தார். அந்தப் புன்னகையில் மகிழ்ச்சி இல்லை.

"நல்ல பொண்ணும்மா நீ. கெழவன் பயந்துட்டான்னு இவ போன் பண்ணியிருப்பா. நீ வந்து சமாதானம் சொல்ற. அண்ணன்னு ஒருத்தரைக் கூட்டிட்டும் வந்திருக்க."

"ஐயோ, நெஜமாவே அண்ணன்தான் சார்!"

"நாடாவுல இல்லன்னா எடுக்கலன்னு அர்த்தமா? அந்தக் காலத்துல ஒரே நாடாவை அழிச்சு அழிச்சு எடுப்பாங்க. சில வாரம் ரெண்டு முடிவு எடுத்து, ஒண்ணைத்தான் வச்சுப்பாங்க." அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் சொன்னோம். நீ ஒண்ணும் மறக்கல, நாங்கதான் தப்பா சொல்லிட்டோம்னு."

நடந்த ஒன்றை நாடாவைக் கொண்டு மெய்ப்பிக்கலாம். நடவாத ஒன்றை எதைக் கொண்டு மெய்ப்பிப்பது? கதவருகே நின்றிருந்த மனைவியின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

"சரி" என்றார் நெட்டையர், அண்ணனை நோக்கி. "நீங்க கட்டின கதைதான்னா நீங்களே சொல்லுங்க. முழுசா. கேக்கறேன்."

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். முதலில் வாக்குமூலம் கொடுப்பவரைப் போல முணுமுணுத்தார். இரண்டாவது மாடிக்கு வந்ததும் அவரையறியாமல் தோள் குனிந்தது. கை முதுகின் பின்னால் போயிற்று. குரல் இரண்டாகப் பிரிந்தது. களைத்துப்போன உருண்டை, நெட்டையர் பாராத வேளையில் அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்கிறார். விவரமறியாத நெட்டையரோ புலம்பியபடி ஏறுகிறார்.

"'எல்லாப் பாரமும் என் மேலதான்டா! நீ சும்மா தொட்டுக்கிட்டு வர்ற!' உள்ளேருந்து உருண்டை சொல்றாரு: 'ஆமாண்ணே, உங்களுக்குத்தான் கஷ்டம், மெதுவா வாங்க.' நாலாவது மாடி. வீட்டுக்காரர் அலமாரியத் திறக்கறாரு. உருண்டை தலைய சீவிக்கிட்டு இறங்கறாரு. 'இது எத்தனாவது மாடி?' 'நாலு.' 'நாலா? என்னய்யா இது, நான் மூணுல இறங்கணும்! ஏன் நிறுத்தல?'"

கதவருகில் நின்ற மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. ஆனால் நெட்டையர் சிரிக்கவில்லை. அவருடைய நெற்றி சுருங்கியது.

"பின்னாடி யார் பிடிச்சது?"

"சார்?"

"முன்னாடி நான் தூக்கறேன். உருண்டை உள்ள போய்ட்டான். பின்பக்கம் யாரு?"

அண்ணன் தங்கையைப் பார்த்தார். தங்கை அண்ணனைப் பார்த்தாள். நாற்பது ஆண்டுகளில் இருவருக்கும் எழாத கேள்வி அது.

"யாரும்… இல்ல, சார்."

"யாரும் இல்லாம ஆளும் அலமாரியும் ரெண்டு மாடி எப்படி ஏறிச்சு?"

"எனக்கு அப்ப பத்து வயசு, சார்" என்றார் அண்ணன், ஆசிரியர் முன் நிற்பவர் போல.

நெட்டையர் நாற்காலியின் கைகளை இறுகப் பற்றிக்கொண்டார். "உருண்டை ஒத்துக்கிட்டிருக்க மாட்டான்" என்றார் மெதுவாக. "ஒத்துக்கவே மாட்டான். எடை பொய்யா இருந்தா சிரிப்பும் பொய்யாயிடும்பான். அந்த அலமாரிக்குள்ள ஒன்பது செங்கல் போட்டுத்தான் தூக்கினோம். எனக்கு ரெண்டு நாள் கழுத்து திரும்பல. பின்னாடி ஆள் இல்லாம ஒரு படி ஏற விட்டிருப்பானா?" அவர் நிமிர்ந்தார். "இதை நாங்க எடுக்கல. எடுத்திருக்கவே முடியாது."

"அதைத்தானே அந்தப் பொண்ணு நின்னு நின்னு சொல்லுது" என்றார் மனைவி. சொல்லிவிட்டுச் சட்டென்று அடுக்களைப் பக்கம் போய்விட்டார். உள்ளே மூக்கு உறிஞ்சும் ஒலி கேட்டது.

நெட்டையர் தம் பெரிய கைகளால் முகத்தை ஒருமுறை வழித்துக்கொண்டார். கைகளை எடுத்தபோது, கீழே இருந்தது அவள் சிறுவயதில் அறிந்திருந்த முகம்.

"எங்க முடிவு என்னன்னு சொன்ன? டீ குடிக்கறது?"

"ஆமா சார். மூணு பேரும் அலமாரி மேல உக்காந்து."

"மட்டமான முடிவு. அன்னைக்கே சொன்னேன், யார் கேட்டா! டீ வேற ஆறிப் போயிருந்தது." அவர் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் பொறாமையும் கலந்திருந்ததோ என்று அவளுக்கு ஐயம் எழுந்தது. "உம்முது பரவாயில்ல. ஓட்டை இருக்கு, அடைச்சிடலாம். விழாவுக்கு வர்றேன். ஆனா இது என் சீன்னு சொல்ல மாட்டேன். நீரும் பக்கத்துல உக்காரணும்."

"நானா? எனக்கு லிஃப்டுதான் சார் தெரியும்."

"அதுவும் மேல போறதுதானே? எழுந்திரும்." அவர் படுக்கையறையைச் சுட்டினார். அங்கே ஒற்றைக்கதவு அலமாரி ஒன்று நின்றிருந்தது. "பின்னாடி பிடிக்கறது வீட்டுக்காரன்! விரலை ஆட்டிக்கிட்டே திட்டிட்டு வந்தானே, அவன். உருண்டை மெதுவா ஒதுங்கறான். இவன் திட்டிக்கிட்டே கையைக் கொடுக்கறான். தன் அலமாரிய, ஆளோட, தானே தூக்கிட்டு நாலாவது மாடிக்கு ஏறறான். ஏறி முடிச்சுத்தான் அவனுக்கே தெரியுது."

அண்ணன் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"சிரிச்சது போதும். முன்பக்கம் பிடியும். நான் வீட்டுக்காரன்."

"இடுப்பு, இடுப்பு!" என்று அடுக்களையிலிருந்து மனைவி ஓடி வந்தார்.

"தூக்கப் போறதில்லடி, சும்மா கை வைக்கறேன். உள்ள ஆள் வேணுமே." நெட்டையர் அறையைச் சுற்றிப் பார்த்தார். அவர் கண் காப்பகப் பொறுப்பாளரின் மேல் வந்து நின்றது. "தப்பு உன்னுதுன்னுதானேம்மா சொன்ன? ஏறு உள்ள."

நாற்பத்தேழு வயதுடைய அவள், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அலமாரியில் தொங்கிய நீண்ட சட்டைகளை ஒதுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். கதவு சாத்தப்பட்டது. இருட்டில் பூச்சியுருண்டை மணத்தது. வெளியே அண்ணனின் குரல் பாரத்தைக் குறித்துப் புலம்பத் தொடங்கியது. நெட்டையரின் குரல் வீட்டுக்காரராகி அதட்டியது. மனைவி இருவரையும் திட்டினார். அவள் சட்டையொன்றின் கையை இழுத்து வாயில் திணித்துக்கொண்டாள். பயனில்லை.

அலமாரிக் கதவில் இரண்டு தட்டு விழுந்தது.

"உள்ள சிரிக்கற சத்தம் வெளிய கேக்குது" என்றார் நெட்டையர். "மறுபடியும். முதல் படியிலேருந்து."