அகதோன் என்ன சாப்பிட்டான்

மூன்றாவது தேர்ப் பந்தயத்தின் தூசி அடங்குவதற்குள் என் வீட்டுக்காரரின் குரல் மைதானத்துச் சுவரைத் தாண்டி வந்துவிட்டது. "ரோமானியரின் ராசா, நீடூழி வாழ்க" என்று அவர் எடுத்துக் கொடுக்க, பச்சைத் தேருக்குக் கூவும் பச்சைக் கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே வாயாகத் திருப்பிச் சொன்னார்கள். நான் வெளியே, சுவரை ஒட்டிய என் தோழி டொம்னாவின் ரொட்டிக் கடை மொட்டைமாடியில், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தேர்ப் பந்தயத்துக்குப் பெண்களை உள்ளே விடமாட்டார்கள். விடாவிட்டால் போகட்டும், எங்களுக்குக் காது இருக்கிறது. எந்தத் தேர் கவிழ்ந்தது, எந்தக் கட்சி ஜெயித்தது, ராசாவுக்கு இன்று கோபமா சிரிப்பா என்பதெல்லாம் சத்தத்திலேயே தெரிந்துவிடும். கான்ஸ்டான்டிநோபிளில் பிறந்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதைச் சொல்வாள். அன்று எனக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான். என் தம்பி அகதோனின் பெயரை அந்த மனுஷன் சொல்வாரா, மாட்டாரா.

விடிந்தால் அகதோனைத் தூக்கில் போடப்போகிறார்கள். அவன் செய்த குற்றம் முடி வளர்த்தது. பச்சைக்கு எதிரியான நீலக் கட்சி இளவட்டங்கள் எல்லாம் நெற்றிக்கு மேலே சிரைத்துக்கொண்டு பின்னால் குதிரை வால்போல் தொங்கவிடுவார்கள். இவனும் விட்டான். புதன்கிழமை சாயங்காலம் துறைமுகத்துச் சாராயக்கடையை யாரோ கொளுத்த, நகர அதிபரின் ஆட்கள் மறுநாள் காலையில் அந்த முடி இருந்த தலைகளையெல்லாம் பிடித்து உள்ளே தள்ளிவிட்டார்கள். கடை எரிந்த நேரத்தில் அவன் என் வீட்டில் தின்றுகொண்டிருந்தான். அது எனக்குத் தெரியும், என் வீட்டுக்காரருக்குத் தெரியும். கூடப் பிறந்தவள் சாட்சியை எவன் மதிக்கிறான்?

அரண்மனைக்கு மனுப் போடலாம் என்பார்கள். வாசலுக்கு வாசல் ஒருவன் கை நீட்டுவான், கடைசி வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் நமக்குப் பேரன் பிறந்துவிடுவான். பந்தயத்துக்கும் பந்தயத்துக்கும் இடையில் மட்டும்தான் ராசா தன் மாடத்தில் ஜனங்களுக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். ஜனங்கள் கூவிக் கேட்பார்கள். பக்கத்தில் நிற்கும் கட்டியக்காரன் அவர் சொன்ன பதிலைத் திருப்பிக் கூவுவான். அதற்குத் தொண்டை வேண்டும். அக்கரைப் படகுக்கு ஆள் கூப்பிட்டுக் கூப்பிட்டே முறுகிய தொண்டை என் வீட்டுக்காரர் ஸோட்டிகோஸுக்கு. அதனால்தான் பச்சைக் கட்சிக்கு அவர் கோஷம் எடுத்துக் கொடுக்கிறார். பச்சைக் கட்சிக்கு. என் தலையெழுத்தைப் பாருங்கள்.

காலையில் வீட்டில் பெரிய ரகளை.

"நீலக் கட்சிப் பய பேரை நான் சொல்லணுமா? எங்காளுங்களே என்னைக் கல்லால அடிப்பானுங்கடி" என்றார்.

"அடிக்கட்டும். மருந்து போட நான் இருக்கேன். மருந்து போட அவனுக்குக் கழுத்து இருக்காதுங்க."

"அவன் நம்ம வீட்டுக்கு வந்து போறது ஊருக்குத் தெரிஞ்சா நான் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா தெக்லா?"

"குனிஞ்சே நடங்க. கீழ ஏதாவது கெடந்தா எடுத்துட்டு வரலாம்."

பச்சைத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இப்போது மாடியில் நின்று கேட்கிறேன். ரொட்டி சிறுத்துவிட்டது என்று கூவினார். கட்டியக்காரன் ஏதோ சமாதானம் சொன்னான். தண்ணீர்க் குழாய் உடைந்து கிடக்கிறது என்று கூவினார். ரொட்டியும் குழாயும் எங்கே ஓடிப்போகிறது? "உன் வீட்டுக்காரர் வாய்ல கொழுக்கட்டையா வச்சிருக்காரு?" என்றாள் டொம்னா. இன்னும் கொஞ்சம் விட்டால் நானே சுவரேறிக் குதித்திருப்பேன்.

அப்போதுதான் அது வந்தது. தாளம் இல்லை, பின்பாட்டு இல்லை, ஒற்றைக் குரல்.

"அகதோன் கடையைக் கொளுத்தலை, ராசா. அவன் என் மச்சான். புதன்கிழமை சாயங்காலம் என் வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருந்தான்."

பச்சைப் பக்கத்திலிருந்து ஊளை கிளம்பியது. துரோகி என்றார்கள், நீலத்துக்குப் பிறந்தவனே என்றார்கள், இங்கே சொல்லக்கூடாததையெல்லாம் சொன்னார்கள். அவர்மேல் என்னென்ன வந்து விழுந்ததோ. அவர் நிறுத்தவில்லை. அதே வரியைத் திரும்பச் சொன்னார், இன்னொரு தரமும் சொன்னார், குரல் உடைந்து உடைந்து வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அந்த ஆள்மேல் அவ்வளவு ஆசை எனக்கு வந்ததில்லை.

அடுத்து நடந்ததைப்போல் இந்த ஊரில் அதற்குமுன் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எதிர்ப்பக்கத்து நீலக் கட்சி அந்த வரியைப் பிடித்துக்கொண்டது. "அவர் வீட்டில் சாப்பிட்டான், அவர் வீட்டில் சாப்பிட்டான்" என்று தாளம் போட்டுப் பாட ஆரம்பித்தது. பச்சைக்காரர் எடுத்துக் கொடுக்க, நீலக்காரர்கள் பின்பாட்டு. டொம்னா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

டொம்னாவின் வீட்டுக்காரர் மைதானத்தின் மேல்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சுவருக்கு வெளியே தலையை நீட்டி எங்களைப் பார்த்துக் கத்தினார்.

"தெக்லா தங்கச்சி, ராசா கட்டியக்காரன் காதுல என்னமோ சொன்னாரும்மா. அவன் கேக்கறான், அகதோன் அன்னைக்கு என்ன சாப்பிட்டான்னு."

"என்ன கேள்வி இது?"

"உம் புருசன் இங்க பதில் சொல்லணுமாம். அரண்மனைக் குதிரைக்காரன் ஒருத்தன் ஜெயிலுக்குப் போய் உன் தம்பிகிட்டயும் இதே கேள்வியைக் கேப்பானாம். ரெண்டும் ஒண்ணா இருந்தா விடுதலை. இல்லேன்னா விடியறப்ப ரெண்டு பேருக்கும் கயிறு."

அரண்மனைப் புத்தி என்றால் இதுதான். வில்லங்கம் அதில்தான் இருந்தது. ஏனென்றால் புதன்கிழமை நோன்பு நாள். நாக்கில் மாமிசம் படக்கூடாத நாள். அன்றைக்குப் பார்த்து அகதோன் முதல் கூலி வாங்கி, அந்தக் காசில் பன்றிக்கறி வாங்கிக்கொண்டு வந்து நின்றான். ஆசையாக வாங்கி வந்த பிள்ளையை எப்படித் திருப்பி அனுப்புவது? சன்னலைச் சாத்திவிட்டு வறுத்துப் போட்டேன். மூன்று பேரும் எலும்பு வரைக்கும் உறிஞ்சினோம். "வெளிய எவனாவது கேட்டா அவிச்ச பயறு தின்னோம்னு சொல்லுங்க" என்று இரண்டு பேரிடமும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

உள்ளே கட்டியக்காரன் இரண்டாம் தரம் கேட்டது எங்களுக்கே கேட்டது. ராசாவின் மாடத்தில் பாதிரிமார் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள்.

"பயறு" என்று கூவினார் என் வீட்டுக்காரர். "அவிச்ச பயறு, ராசா."

வாழ்நாளில் ஒருமுறை என் பேச்சைக் கேட்டார், அதுவும் இன்றைக்கு. இவர் கேட்பார், அவன் கேட்கமாட்டான். என் தம்பியை எனக்குத் தெரியாதா? தன் காசில் வாங்கிய கறியைப் பற்றிக் கேட்க ஆள் வந்தால், எவ்வளவு கொழுப்பு, எந்தப் பக்கத்து இறைச்சி என்பதுவரை பெருமையாகச் சொல்லுவான்.

டொம்னாவின் காலி ரொட்டிக் கூடை ஒன்று படிக்கட்டில் கிடந்தது. அதை ஏன் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். குதிரைக்காரன் அரண்மனை வாசலைச் சுற்றிக்கொண்டு பெருந்தெரு வழியாக வரவேண்டும். பந்தய நாளில் பெருந்தெருவில் எலிகூடச் சுலபமாகப் போகமுடியாது. நான் குளியல் கூடத்துக்குப் பின்சந்தில் பாய்ந்தேன். முக்காட்டுத் துணி எங்கோ மாட்டிக் கிழிந்தது, போ என்று விட்டேன். பின்னால் டொம்னா மூச்சிரைக்க வந்தாள்.

"அங்க போய் என்னடி பண்ணுவ? காவக்காரன் நிப்பானே."

"கூவுவேன்."

"பயறுன்னு சொல்லுடான்னா? அப்புறம் உன்னையும் சேத்துல்ல தொங்கவிடுவான்."

அவள் சொன்னது நியாயம்தான். சிறைச்சாலையின் நீண்ட சுவர் தெரிந்தது. ஆள் உயரத்துக்கு மேலே கம்பி போட்ட காற்று ஓட்டைகள். வாசலில் ஈட்டியோடு இரண்டு பேர். தெருவில் மீன்காரிகள், கீரைக்காரிகள், ஆலிவ் விற்கிறவள். அந்தச் சத்தத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது. கூடையைத் தலைக்கு ஏற்றினேன்.

"பயறே... பயறு. அவிச்ச பயறு. புதன்கிழமைப் பயறு."

டொம்னா ஒரு நிமிஷம் விழித்தாள். பிறகு அவளும் ஆரம்பித்தாள். அவள் குரல் என் வீட்டுக்காரரையே தோற்கடிக்கும். கீரைக்காரி எங்களைப் பார்த்து, "கூடையில ஒண்ணையும் காணோமே அக்கா" என்றாள். அவள் காதில் இரண்டே வார்த்தை சொன்னேன். அவள் கீரையைக் கீழே வைத்தாள். "பயறே, சூடான பயறு" என்றாள். மீன்காரிக்கு யார் சொன்னார்களோ தெரியாது, கையில் கானாங்கெளுத்தியைப் பிடித்துக்கொண்டே பயறு என்று கூவினாள். அங்கிருந்து அது தெருவோடு பரவியது. நீல வீட்டுப் பெண்கள், பச்சை வீட்டுப் பெண்கள், எவள் எந்தக் கட்சி என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. காவலாளிகளில் ஒருவன், "இன்னைக்கு என்ன எல்லாரும் பயறே கொண்டாந்திருக்கீங்க?" என்று கேட்டான்.

"அமோக விளைச்சல்" என்றாள் டொம்னா.

எந்த ஓட்டைக்குப் பின்னால் இருக்கிறான் என்று தெரியாமல் சுவர் நெடுக நடந்து கூவினேன். என் குரல் அவனுக்குத் தெரியும். அவன் தவழ்ந்த நாளிலிருந்து அதில்தான் திட்டு வாங்கியிருக்கிறான்.

குதிரை வந்துவிட்டது. அரண்மனைச் சிவப்பு அங்கி போட்டவன், நரைத்த தாடி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவன் பயறு சத்தத்துக்கு நடுவில் நின்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இறங்கி உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது.

நாங்கள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவன் உயிரும் நின்றுவிடும் என்பதுபோல் கூவினோம். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அகதோன், வாழ்க்கையில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அக்கா சொல்வதைக் கேளடா.

கதவு திறந்து சிவப்பு அங்கிக்காரன் வெளியே வந்தான். ஒவ்வொருத்தியாக வாயை மூடினாள். அவன் நேராகக் குதிரையிடம் போகவில்லை, என் முன்னால் வந்து நின்றான்.

"நீயாம்மா மொதல்ல விக்க ஆரம்பிச்சது?"

தலையாட்டினேன்.

"காட்டு."

கூடையை இறக்கி நீட்டினேன். அடியில் கொஞ்சம் ரொட்டித் தூள், வேறொன்றும் இல்லை. அவன் குனிந்து வெகுநேரம் பார்த்தான். பிறகு அந்த வெறும் கூடைக்குள் கையை விட்டு, ஒரு பிடி அள்ளி, வாயில் போட்டு, நிதானமாக மென்றான்.

"உள்ள அந்தப் பையன் சொன்னது சரிதான், பயறுல உப்பு கொஞ்சம் கம்மி" என்றான்.

குதிரை மேல் ஏறி மைதானத்தைப் பார்க்கத் தட்டிவிட்டான். கூடையை நீட்டியபடியே நின்றேன்.