கொறடாவிடம் சொல்லிவிட்டு எதிர்த்தவர்

1

மனசாட்சியின் விலை நான்கு கிலோமீட்டர் தார்ச்சாலை. பேரம் படிந்தால் மூன்றரைக்கும் முடியும். சட்டமன்றத்தில் ஆளுங்கட்சியின் கொறடாவாக, அதாவது சொந்தக் கட்சி வாக்குகள் வேலி தாண்டாமல் மேய்ப்பவராக, இருபது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர் சொன்ன விலை இது. பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் சொன்னார். கதை பாதியில் இருக்கும்போது அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தவருக்கு வாய் மரத்திருந்தது. ஆகவே மீதி என் சரக்கு, கலப்படம் உண்டு.

2

முதல் வரி: அவர் மிகவும் நேர்மையான –

அடித்துவிட்டேன். கடைக்காரனே 'அசல்' என்று ஆரம்பித்தால் வாங்க வந்தவன் செருப்பை மாட்டிக்கொள்வான்.

இரண்டாம் முயற்சி: கொறடா சொன்ன கதை அவர் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரைப் பற்றியது; கட்சிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஆனால்'. "நல்ல மசோதாதான், ஆனால்" என்றுதான் எழுந்திருப்பார். பதினொரு வருடத்தில் ஏழு முறை சொந்தக் கட்சியை எதிர்த்து வாக்களித்தார். பத்திரிகைகள் புகழ்ந்தன. கட்சி முறைத்ததோடு விட்டுவிட்டது.

ஏன் விட்டது? (இங்கேதான் எனக்கு இவர்மேல் சந்தேகம் வந்தது.) ஒவ்வொரு முறையும் முந்தின நாளே கொறடாவிடம் போய்ச் சொல்லிவிடுவார். கொறடா தலைகளை எண்ணுவார். வாக்கு மிச்சம் இருந்தால், "போட்டுக்கோங்க" என்பார். ஏழு முறையும் மிச்சம் இருந்தது.

(அடிக்குறிப்பில் போட வேண்டியது: கொறடா கெட்டவர் இல்லை. ஏழு முறையும் கட்சிக் கூட்டத்தில் இவருக்காகத் திட்டு வாங்கியவர் அவர்தான்.)

3

எட்டாவது மசோதா வந்தது. வருடத்துக்கு முந்நூறு பிரசவம்கூட நடக்காத அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவப் பிரிவை மூடிவிடுவது. இவர் ஊரில் இருநூற்றெண்பது. அங்கே தலைமைச் செவிலி இவருடைய அக்கா. அடுத்த ஆஸ்பத்திரி பஸ்ஸில் இரண்டு மணி நேரம்.

[இங்கே பஸ்ஸில் ஒரு பிரசவம் எழுதினேன். மழைகூடப் பெய்தது. கிழித்துவிட்டேன். கண்ணீரை எடை போட்டு விற்க வேண்டாம்.]

அக்கா கையுறையைக் கழற்றியபடியே கேட்டாள்: "ஏழு தடவை எதிர்த்தியே, ஒரு மசோதாவாவது தோத்துச்சா?"

"முறைன்னு ஒண்ணு இருக்குக்கா. சொல்லிட்டுத்தான் எதிர்க்கணும். முதுகுல குத்தக் கூடாது."

"அதுக்குப் பேரு எதிர்க்கிறதாடா? லீவ் லெட்டர் குடுக்கிறது!"

4

இம்முறை மிச்சம் இல்லை. சபாநாயகரை விட்டால், இவரையும் சேர்த்து ஆளுங்கட்சி அறுபத்தொன்று, எதிர்க்கட்சி அறுபது. சொல்லிவிட்டு எதிர்த்தால், கொறடா எதிர்க்கட்சிப் பக்கத்தில் யாருக்காவது காய்ச்சல் வரவழைத்துவிடுவார். வாக்குகள் சமமாகும், சபாநாயகர் தன் வாக்கைப் போட்டுக் கைகொடுப்பார், பிரசவப் பிரிவு மூடும். சொல்லாமல் எதிர்த்தால் பிழைக்கும். ஆனால் தன்னை நம்பிய மனிதரை ஏமாற்ற வேண்டும். அடுத்த தேர்தலில் சீட்டும் போச்சு.

கேன்டீனில் கொறடா எதிரே வந்து உட்கார்ந்தார்.

"என்ன 'ஆனால்' சார், இந்தத் தடவை ஒண்ணும் சொல்லக் காணோம்? நீங்க கேட்ட ரோடு கையெழுத்து ஆயிடுச்சு."

"ரோட்டுக்கும் இதுக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

"சம்பந்தம்னு நானா சொன்னேன்? மனசுல ஏதாச்சும் இருந்தா சொல்லிடுங்க. அவர் சொல்லாம செய்ய மாட்டார்னு தலைவர்கிட்ட அடிச்சுச் சொல்லியிருக்கேன்."

இங்கே அவருக்காக மூன்று பதில்கள் எழுதினேன். ஒன்று வீரம், ஒன்று சாமர்த்தியம், ஒன்று கண்ணீர். மூன்றையும் வாங்க மறுத்துவிட்டார். "டீ ஆறுதுண்ணே" என்றார். அவ்வளவுதான். அதை 'ஆம்' என்று எடுத்துக்கொண்டு கொறடா எழுந்து போனார்.

5

முடிவு அ: 'இல்லை' என்கிறார். இவரை வியக்கிறேன், ஆனால் வெளியே வராந்தாவில் கொறடாவை இவர் எப்படிக் கடந்துபோவார் என்று என்னால் எழுத முடியவில்லை.

முடிவு ஆ: 'ஆம்' என்கிறார். புது ரோட்டில் பஸ் பத்து நிமிடம் முன்னால் போய்ச் சேரும். இந்த மனிதரை எனக்கு நன்றாகப் புரிகிறது. அதனாலேயே எழுதக் கை கூசுகிறது.

நான் பார்த்த வரைக்கும் சொல்கிறேன். வாக்கெடுப்பு. ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுகிறார்கள். எதிர்ப் பக்கம் எல்லோரும் திடகாத்திரமாக இருக்கிறார்கள். இவர் பெயர் பட்டியலில் கடைசி. எழுந்துவிட்டார். கொறடா திரும்பிப் பார்க்கவில்லை. நம்புகிறவர்களுக்கு அந்த அவசியம் இல்லை.

இனி நீங்களாச்சு.

ஆம்: அறுபது.
இல்லை: அறுபது.
பாக்கி: ஒன்று.