அட்டையின் மறுபாதி

மாத்திரை அட்டையைக் கத்தரிப்பதில் மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கேட்ட எண்ணிக்கையை வெட்டிக் கொடுத்துவிட்டு, பெயரும் தேதியும் அச்சிட்ட பகுதியைப் பெட்டியிலேயே வைத்துக்கொள்வார்கள். மிச்சத்தை விற்க அது வேண்டுமே. சில மாத்திரைகளுக்கு அந்தப் பகுதியில்தான் பொடி எழுத்தில் இன்னொரு வரியும் இருக்கும்: தூக்கம் வரும், வாகனம் ஓட்டக் கூடாது.

மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருடமாக அவளும் அப்படித்தான் வெட்டினாள். இரண்டு வருடத்துக்கு முன், கணவருக்குச் சளி என்று நான்கு மாத்திரையை வெட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள். மறுநாள் காலை ஒன்றை விழுங்கிவிட்டு அவர் சரக்கு வேனை எடுத்தார். சாலை வளைந்தது, வேன் வளையவில்லை.

‘ஏத்திக்கிட்டு ஓட்டியிருப்பான்’ என்று சாவு வீட்டிலேயே அவள் காதுபடப் பேசினார்கள். ஒரு சொட்டுக் குடிக்காத மனிதர். அவர் சட்டைப்பையிலிருந்து திரும்பி வந்த அட்டைத் துண்டில் மூன்று மாத்திரை இருந்தது. பின்பக்கம் வெறும் வெள்ளித்தாள், ஓர் எழுத்து இல்லை. எழுத்து இருந்த பாதி கடைப் பெட்டியில் பத்திரமாக இருந்தது.

அதற்குப் பிறகு, உறையில் அந்த வரியைச் சிவப்பு மையால் எழுதாமல் அந்த மாத்திரையை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை.

“மருந்து விக்கிறியா, பயத்தை விக்கிறியா?” என்பார் முதலாளி.

அன்று மதியம் இரண்டரை மணி. பள்ளி வேன் ஓட்டுகிறவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து, சாவியைக் கண்ணாடி மேஜைமேல் போட்டார்.

“சளி ஆளையே கொல்லுதுக்கா. போன மாசம் குடுத்தீங்களே, அதுல ரெண்டு.”

“அது தூக்க மாத்திரைக்குக் கூடப்பிறந்தது தம்பி. ராத்திரி படுக்கும்போது போடுங்க. இப்போ பிள்ளைங்களை ஏத்தணும்ல?”

“நான் என்ன தண்ணியா அடிச்சிருக்கேன்? சளி மாத்திரைக்கெல்லாம் போலீஸ் புடிக்குமா?”

“புடிக்கும். எதைப் போட்டு நிதானம் போனாலும் சட்டத்துக்கு ஒண்ணுதான்.”

“இந்தம்மா பேச்சைக் கேட்டா நான் கடையை மூடிட்டு வீட்டுக்குப் போகணும்” என்று முதலாளி எழுந்து வந்தார். கத்தரியைப் பிடுங்கி, இரண்டை வெட்டி நீட்டினார். வாங்கின கையோடு ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டார் வேன்காரர்.

அவர் பாட்டிலை மூடிவிட்டுப் பார்த்தபோது மேஜைமேல் சாவி இல்லை. அது அவளுடைய வெள்ளைக் கோட்டுப் பைக்குள் போயிருந்தது.

“சாவியைக் குடும்மா” என்றார் முதலாளி.

“குடுக்க மாட்டேன்.”

“விளையாடுறியா? குடு. இல்லேன்னா நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வராதே.”

“வரலை. ஆனா சாவி இவர் கைக்குப் போகாது.”

வேனின் பக்கவாட்டில் பள்ளியின் தொலைபேசி எண் பெரிதாக எழுதியிருந்தது. வாசலில் நின்று அதைப் பார்த்தே எண்ணை அழுத்தினாள். “உங்க டிரைவர் தூக்கம் வர்ற மாத்திரை போட்டிருக்கார். வேற ஆளை அனுப்புங்க.” கேட்பதற்கு முன்பே தன் பெயரையும் கடையின் பெயரையும் சொன்னாள்.

“என் பொழைப்புல மண்ணைப் போட்டுட்டீங்களேக்கா!”

“வேற வேலை தேடலாம் தம்பி. நானும் இன்னைக்கு அதைத்தான் தேடப் போறேன், சேர்ந்தே தேடுவோம்.”

அவர் பெஞ்சில் உட்கார்ந்து அவளையும் அவள் நாக்கையும் திட்டித் தீர்த்தார். மூன்று மணிக்குள் பள்ளியிலிருந்து வேறொரு ஓட்டுநர் வந்தார். அவர் கையில்தான் சாவியைக் கொடுத்தாள். வேன் கிளம்பியது. திட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குழறி, முனகலாகி, நின்றது.

மூன்றே கால். பிள்ளைகளோடு வேன் வழியிலுள்ள பாலத்தில் ஏறும் நேரம். பெஞ்சில் வேன்காரர் சுவரில் தலை சாய்த்து, வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். முதலாளி அவர் தோளைத் தட்டப் போனார்.

“எழுப்பாதீங்க” என்றாள். “இங்க தூங்கினா யாருக்கும் ஒண்ணும் ஆகாது.”

முதலாளி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். அவள் கோட்டைக் கழற்றவில்லை. அவர் வெட்டிப்போட்ட அட்டையின் மறுபாதியை எடுத்தாள். எழுத்திருந்த பகுதியைக் கத்தரித்து, தூங்குகிறவரின் சட்டைப்பையில் செருகினாள்.