வடக்கே போன அலையாத்தி

அந்தோணியார் திருவிழாவுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணிக்கு, எங்கள் ஊர் எஸ்தேரோ மான்சோவின் அலையாத்திக் காடு எழுந்து வடக்கே போனது. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. பாவாடையைத் தூக்கிப் பிடிப்பதுபோல் வேர்களைத் தூக்கிக்கொண்டு, நண்டு, கொக்கு, கருஞ்சிப்பி சகிதம் அடுத்த கழிமுகத்தில் போய் நின்றுகொண்டது. இறால் பண்ணை வைக்க லிபார்தோ அதில் நாற்பது மரங்களை வெட்டியிருந்தான். கோபம் வராதா என்ன? வெட்டியபோது ஊரும் வேடிக்கைதான் பார்த்தது. காடு போனதும் கொசுத்தொல்லை விட்டதென்று சிலர் சந்தோஷம்கூடப் பட்டார்கள், மடையர்கள்.

சந்தோஷம் வியாழக்கிழமை வரை நீடித்தது. கடலோரத்து முதல் வீடு, சிப்பி பொறுக்கிப் பிழைக்கும் பஸ்தோராவுடையது. தடுக்க மரம் இல்லாத கடல் அன்று அவளுடைய கோழிகளை விட்டுவிட்டுக் கூண்டை எடுத்துப்போனது, மறுநாள் படிக்கட்டை. அமாவாசைக்கு ஆறு நாள் இருந்தது. அன்று கடல் பெருகி ஏறும். அதற்குள் காடு திரும்பாவிட்டால் வீடும் மிஞ்சாது.

இதற்கிடையே எல்லோருக்கும் தொப்புள் இழுக்க ஆரம்பித்தது. எங்கள் ஊரில் பிள்ளை பிறந்தால் தொப்புள்கொடியை அலையாத்தி வேரடியில்தான் புதைப்போம். மாதா கோயிலில் அத்தனை பேரும் வடக்கே சாய்ந்து நின்றார்கள். மலைப்பக்கத்தில் பிறந்த பாதிரியார் மட்டும் நேராக நின்று பூசையை முடித்தார். கொடி என்றால் இந்தப் பக்கமிருந்தும் இழுக்கலாமே என்று பஸ்தோராவுக்குத்தான் தோன்றியது. ஊரே கைகோத்துத் தெற்கே நடந்தது. காடு அசைந்து கொடுத்ததே தவிர வரவில்லை. ஒரு ஆள் குறைந்தது.

லிபார்தோ, தான் நகரத்து ஆஸ்பத்திரியில் பிறந்ததாகச் சொல்லிக்கொள்பவன். பஸ்தோரா தேடிப்போனபோது வீட்டுத் தூணோடு பெல்ட்டால் தன்னைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“என்னடா கோலம் இது?”

“காத்து பலமா அடிக்குதுக்கா.”

“ஒரு இலை ஆடல. உன் கொடியப் பெரிய மரத்தடியில பொதைக்கறப்ப நான் பக்கத்துல நின்னவடா. என் வீடு போச்சுன்னா நேரா இங்கதான் குடிவருவேன், கோழிங்களோட.”

கோழிக்குப் பயந்தோ, வெட்கப்பட்டோ, பெல்ட்டை அவிழ்த்தான். அவன் ஊரோடு கைகோத்துத் தெற்கே பத்தடி வைத்ததும் பெரிய மரம் கிளம்பியது. மற்றவை பின்னால் வந்தன.

அமாவாசையன்று காடு லிபார்தோ வெட்டிய இறால் குட்டைக்குள்ளேயே நின்றது. அலைகள் வேர்களுக்குள் புகுந்து களைத்து, பஸ்தோராவின் வாசலுக்குக் கால் கழுவும் அளவே வந்து சேர்ந்தன. அவள் வாசலில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள்.

லிபார்தோ இப்போது படகு பழுது பார்க்கிறான். நகரத்துக்கு அவன் பஸ் ஏறினால் பெரிய மரம் இரண்டடி எடுத்துவைக்கும். பஸ்தோரா சிப்பிக்கூடையிலிருந்து தலையைத் தூக்காமலே, “நில்லு, சனிக்கிழம வந்துடுவான்” என்பாள். அது நின்றுவிடும்.