எடுத்துக்கோங்க டாக்டர்

ஞாயிற்றுக்கிழமை காலை, மைதானத்துக்குக் கிளம்பும்போது என் வீட்டுக்காரர், "இன்னிக்கு நீயும் வா" என்றார். வருடக்கணக்காகக் கோல்ஃப் ஆடுகிறார், ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. எதற்குக் கூப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியும். மறுநாள் ஒரு டீச்சருக்குக் கடைவாயில் புதைந்து கிடக்கும் பல்லை எடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். "கை சரியாயிடுச்சா?" என்று நான் கேட்டுக் கேட்டு அவருக்கு அலுத்துவிட்டது. நீயே கண்ணால் பார்த்துக்கொள் என்று கூட்டிப்போகிறார்.

அவர் பல் டாக்டர். நான் அவருடைய கிளினிக்கில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நிற்பவள். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் முகத்தைப் பார்த்ததைவிடக் கையைப் பார்த்ததுதான் அதிகம். போன வருடம் அந்தக் கைக்கு என்னமோ வந்தது. நடுக்கம் என்று சொல்ல முடியாது. கை சொன்னபடி கேட்டுக்கொண்டே இருக்கும். கடைசி நொடியில் மணிக்கட்டு வெடுக்கென்று ஒரு வெட்டு வெட்டும். முதலில் மைதானத்தில்தான் வந்தது, அதுவும் குழிக்குப் பக்கத்தில் கிடக்கும் பந்தை லேசாகத் தட்டும்போது மட்டும். "ஆடுறவன் பாதிப் பேருக்கு வர்றதுதான்டி" என்று சிரித்தார். பிறகு ஒரு நாள் கிளினிக்கிலும் வந்தது. ஒரு பெரியவருக்குக் கன்னத்தின் உட்புறம் கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று. அந்த மனிதர் தங்கமானவர், ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவர்தான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அதற்கப்புறம் பல்லைச் சுத்தம் செய்வது, சின்னச் சின்ன ஓட்டையை அடைப்பது, அவ்வளவோடு சரி. நரம்பு டாக்டரிடம் போகலாம் என்றால் எரிந்து விழுவார். அதற்குப் பதிலாக மைதானமே வீட்டுக்குள் வந்துவிட்டது. கூடத்துக் கம்பளத்தின் ஒரு முனையில் டம்ளரைப் படுக்கப்போட்டு அதற்குள் பந்தைத் தட்டிக்கொண்டே இருப்பார். இடது கையைக் கீழே வைத்துப் பிடித்துப் பார்த்தார், பிறகு மேலே வைத்தார். மட்டையை மாற்றினார், மூச்சை அடக்கினார், ஒரு கண்ணை மூடிக்கூடப் பார்த்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் வீட்டில் கம்பளம் கோணல் என்று தீர்ப்பாகிப் புதுக் கம்பளம் வந்தது. நான் உள்ளே நுழைந்தால் மட்டும் தட்டுவதை நிறுத்திவிடுவார்.

ஆனால் அவருடைய ஸ்கோர் மாதாமாதம் குறைந்துகொண்டு வந்தது. இந்த ஆட்டத்தில் அடிகளை எண்ணுவார்களாம், குறையக் குறைய நல்லதாம், எல்லாமே தலைகீழ். ஞாயிறு மதியம் செருப்பைக் கழற்றும்போதே முகம் மலர்ந்திருக்கும். "ஆட்டம் சரியாச்சுன்னா கை சரியாச்சுன்னு அர்த்தம்" என்பார். பொய் சொல்வானேன், எனக்கும் அதை நம்ப ஆசையாகத்தான் இருந்தது. அப்போதுதான் அந்த டீச்சர் வந்தாள். எக்ஸ்ரேயில் பார்த்தால் பல்லின் வேர் நரம்பை ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அந்த இடத்தில் கை ஒரு வெட்டு வெட்டினால் கீழுதடு ஆயுசுக்கும் மரத்துப்போகும். பேசிப் பிழைக்கிற பெண். வேறு டாக்டரிடம் அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். "திங்கக்கிழமை வாங்க, நானே எடுத்துடறேன்" என்றார்.

மைதானத்தில் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் வீடு கட்டும் கான்ட்ராக்டர், இன்னொருவர் மருந்துக்கடைக்காரர். "வாம்மா தங்கச்சி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று கான்ட்ராக்டர் ஊருக்கே கேட்கிற மாதிரி வரவேற்றார். என் வீட்டுக்காரர் முதல் பந்தை ஓங்கி அடித்தார். அது எங்கோ வானத்துக்குப் போய், புல்வெளியின் நடுவில் சமர்த்தாக உட்கார்ந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. அடுத்த அடிகளில் பந்து குழியை நெருங்கி, ஒரு கை நீளத் தூரத்தில் நின்றது.

"எடுத்துக்கோங்க டாக்டர், அது விழுந்த மாதிரிதான்" என்றார் கான்ட்ராக்டர். இவர் குனிந்து பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த குழியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். மருந்துக்கடைக்காரரின் பந்து இன்னும் கிட்டத்தில் கிடந்தது. அவர் அதைத் தட்டித்தான் உள்ளே தள்ளினார். கான்ட்ராக்டரும் அப்படித்தான்.

"ஏங்க, அவங்க ரெண்டு பேரும் தட்டித் தள்றாங்களே, நீங்க மட்டும் ஏன் கையால எடுத்துக்கிறீங்க?" என்று கேட்டேன்.

சத்தியமாக விவரம் தெரியாமல்தான் கேட்டேன். மருந்துக்கடைக்காரர் தன் ஷூவைப் பார்த்தார். கான்ட்ராக்டர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அது ஒண்ணுமில்ல தங்கச்சி. பக்கத்துல கிடந்தா எதிராளி விட்டுக்குடுக்கிறது வழக்கம். ஒரு அடின்னு கணக்குல சேத்துக்குவோம்."

"உங்களுக்கு யாரும் விட்டுக்குடுக்கலையே அண்ணா."

இவர் குழியில் நட்டிருந்த கொடிக்கம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "நான் கடைசியா எப்ப இதைத் தட்டினேன்?" என்று கேட்டார். எங்களிடம் கேட்ட மாதிரி இல்லை.

"நீங்க படுற அவஸ்தையைப் பாக்க முடியல டாக்டர்" என்றார் கான்ட்ராக்டர். "வாரத்துல ஒரு நாளாவது சிரிச்சுட்டு வீட்டுக்குப் போகட்டுமேன்னுதான்."

கோபப்படத்தான் நினைத்தேன். பிரியத்தில் செய்த மனிதரிடம் எப்படிக் கோபப்படுவது? ஆனால் அந்தப் பிரியத்தை நம்பித்தான் நாளைக்கு ஒரு பெண் எங்கள் நாற்காலியில் வாயைத் திறந்து படுக்கப்போகிறாள்.

அடுத்த குழியிலும் பந்து கிட்டத்தில் வந்து நின்றது. கான்ட்ராக்டர் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். இவர் லேசாகத் தட்டுவதற்கான குட்டை மட்டையை எடுத்துக்கொண்டு பந்தருகே நின்றார். மற்ற இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் திரும்பவில்லை. மணிக்கட்டைப் பார்ப்பதுதானே என் வேலை. மட்டை பின்னால் போனது, அந்தக் காலத்துக் கை மாதிரி நிதானமாக. முன்னால் வந்தது. பந்தைத் தொடப்போகும் நேரத்தில் வெடுக்கென்று ஒரு வெட்டு. பந்து கோணலாக ஓடிக் குழியின் விளிம்பில் மோதி, ஒரு சுற்றுச் சுற்றி, போனால் போகிறது என்கிற மாதிரி உள்ளே விழுந்தது.

"விழுந்துருச்சு!" கான்ட்ராக்டர் கையைத் தட்டினார். "பாத்தியா தங்கச்சி, டாக்டருக்கு ஒண்ணுமே இல்ல!"

இவர் நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை. ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, பந்தை எடுக்கக் குழிக்குள் வலது கையை விட்டார். விட்ட கை வெளியே வரவில்லை. பின்னால் ஆடிக்கொண்டு வந்த கோஷ்டி காத்திருந்தது, ஒருவர் விசில்கூட அடித்தார். நான் போய் அவர் பக்கத்தில் குனிந்தேன். குழிக்குள் அவர் பந்தை இறுகப் பிடித்திருந்தார். அது குழிக்குள் பதித்திருந்த குவளையின் சுவரில் மோதிக் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது.