வரவேற்பறைக் கார்டினியா

அந்த லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தில் அவளுக்கு ‘ஹலோ’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. மற்ற நேரத்தில் அதற்கு அங்கே வேலையில்லை. வரவேற்பறை மேசையில் உட்கார்ந்து தொலைபேசியை எடுப்பதுதான் அவள் பணி. மாடிக்கும் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் அலறிக்கொண்டு கூப்பிடுவார்கள். “ஹலோ, பதறாதீங்க, ஆள் கிளம்பிட்டாங்க, மூச்சை நல்லா இழுத்து விடுங்க” என்பாள். ஆள் அப்போதுதான் டீக் குடிக்கப் போயிருப்பார். ஆனாலும் அவள் குரலைக் கேட்டவர்கள் அடங்கிவிடுவார்கள்.

அவள் தற்காலிகப் பணியாளர். வருடக்கணக்கில் தற்காலிகம். ஒப்பந்தம் முடிகிற ஒவ்வொரு முறையும் அவளைச் சில நாள் வீட்டில் உட்காரச் சொல்வார்கள், பிறகு புது ஒப்பந்தம் போட்டுக் கூப்பிடுவார்கள். தொடர்ச்சியாக வேலை பார்த்தாள் என்று எந்தச் சட்டமும் சொல்லிவிடக் கூடாதாம். அந்த நாட்களுக்கு அலுவலகத்தில் ‘இடைவெளி’ என்று பெயர். இடைவெளியில் சம்பளம் கிடையாது. காய்ச்சல் வந்தால் அது உன் காய்ச்சல். வீடு மாற்றப் போனால், “வேலை நிரந்தரமா?” என்று கேட்டுவிட்டு வீட்டுக்காரர்கள் சாவியைத் திரும்பப் பையில் போட்டுக்கொள்வார்கள். நிரந்தரம் என்ற அந்த ஒரு வார்த்தைக்காக அவள் எதையும் செய்யத் தயாராக இருந்தாள். அது முதலாளிக்கும் தெரியும் என்பதுதான் கஷ்டம்.

முதலாளிக்கு ஒரு கார்டினியாச் செடி இருந்தது. போட்டி நிறுவனத்தின் வரவேற்பறையில் ஒன்று வெள்ளை வெளேரென்று பூத்து, வாசல்வரை மணந்ததைப் பார்த்துவிட்டு வந்தவர், இரண்டு இரவு தூங்காமல் கிடந்து, மூன்றாம் நாள் அதைவிடப் பெரிய தொட்டியோடு ஒன்றை வாங்கிவிட்டார். வருடம் முழுக்கப் பச்சை மாறாத, மெழுகு தடவினாற்போன்ற இலை. குளிர் ஆகாது, சூடும் ஆகாது. குழாய்த் தண்ணீர் ஊற்றினால் இலை மஞ்சளாகும். காற்று மூஞ்சியில் அடித்தால் மொட்டை உதறிவிடும். மாப்பிள்ளை வீட்டார் கூட இவ்வளவு நிபந்தனை போட்டிருக்க மாட்டார்கள்.

செடி மொட்டு வைத்தது. வைத்த மொட்டெல்லாம் பழுத்து விழுந்தது. அடுத்த பருவமும் அதே கதை. பொறுத்துப் பார்த்த முதலாளி ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று அறிவித்தார். “எந்தத் தற்காலிக ஊழியர் கையில இந்தச் செடி பூக்குதோ, அவங்க வேலை நிரந்தரம்!”

கை தட்டினார்கள். தட்டியவர்களில் முதல் ஆள் கணக்கர். அவரை எல்லோரும் ஆமாம்சாமி என்பார்கள். அவர் காதுபடவே சொன்னாலும் “ஆமா, ஆமா” என்று சிரிப்பார். 

அதற்குப் பிறகு செடி படாத பாடு பட்டது. பண்டகசாலைப் பையன் வெந்நீர் ஊற்றினான். தட்டச்சுப் பெண் இலை பளபளக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவிப் புண்ணியம் கட்டிக்கொண்டாள். இருவருமே மொட்டுகளோடு சேர்ந்து உதிர்ந்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கடைசியில் பொறுப்பு ஹலோவிடம் வந்தது.

அவள் தன் வீட்டுப் பால்கனியில் வாளி வைத்து மழைத்தண்ணீர் பிடித்தாள். அதைப் பாட்டிலில் அடைத்துப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். தொட்டிக்கு அடியில் அகலத் தட்டு வைத்து, கூழாங்கல் பரப்பி, ஈரம் நிற்கும்படி செய்தாள். எண்ணெய்ப் பிசுக்கு இலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். தொலைபேசி ஓய்ந்த நேரத்தில், “பதறாத, ஒண்ணும் ஆகாது” என்று செடியிடமும் சொல்லிவைத்தாள். பழக்கதோஷம்.

மொட்டு வந்தது. பிறகு அவள் கண்ணெதிரே விழுந்தது. காரணம் அன்றுதான் புரிந்தது.

முதலாளி தினமும் காலையில் உள்ளே நுழைந்ததும் கோட்டைக் கழற்றுவதற்கு முன் தொட்டியைக் கட்டிப்பிடித்துத் திருப்புவார். மொட்டு நிறைந்த பக்கம் வாசலைப் பார்க்க வேண்டும். “வர்றவங்களுக்கு முகம் காட்டணும்ல!” மாலையில் போகும்போது தன் அறைப் பக்கம் திருப்பிவிட்டுப் போவார். வெளிச்சம் காலையில் இந்தக் கன்னத்தில், மாலையில் அந்தக் கன்னத்தில் என்று விழுந்தால் எந்த மொட்டுதான் நிற்கும்? போன பருவமும் அதற்கு முந்தின பருவமும் செடியைக் கெடுத்தது முதலாளியின் சொந்தக் கைதான். அதை நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே பயமும் வந்தது. இதை யார் போய் அவரிடம் சொல்வது?

மெதுவாக ஆமாம்சாமியிடம் கேட்டாள். “அண்ணே, சார் திருப்புறதாலதான் மொட்டு விழுது. உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியுமே.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“நான் நிரந்தரம்மா. அதைக் கெடுத்துக்கவா சொல்றே?”

அவள் யோசித்தாள். மறுநாள் காலை சீக்கிரமே வந்து, வந்தவர்கள் உட்காரும் சோபாவைத் தரதரவென்று இழுத்துச் செடிக்கு எதிரே போட்டாள். முதலாளி நுழைந்து தொட்டியை நோக்கிக் கையை நீட்டும்போது குறுக்கே வந்து நின்றாள்.

“சார், நம்ம செடி எதுக்கு சார் திரும்பணும்? வர்றவங்க திரும்பிப் பாக்கட்டும். பெரிய இடத்துல யாராவது தானா எழுந்து வந்து முகம் காட்டுவாங்களா?”

முதலாளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். முகத்தில் ஒரு பெருமை படர்ந்தது.

“அதானே! நானும் அதையேதான் நினைச்சுட்டிருந்தேன்.”

“இது ரொம்பப் பெரிய ஜாதிச் செடி சார். எந்த மாத்தமும் ஆகாது. இடம் மாறக் கூடாது, தண்ணி மாறக் கூடாது, பாத்துக்கற கையும் மாறக் கூடாது.”

கடைசி வார்த்தையை அவள் சொல்லியிருக்க வேண்டாம். வாய் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வேறு யாராவது இடையில் புகுந்து பெயரைத் தட்டிக்கொண்டு போய்விடக் கூடாதே என்ற பயம். முதலாளி அன்று மாலையே ‘மாற்றம் கூடாது’ என்று அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் செடிக்கு மேலே மாட்டிவிட்டார்.

கார்டினியா பூத்தது. முதலில் ஒன்று, பிறகு அடுத்தடுத்து. வரவேற்பறை, படிக்கட்டு, ஆமாம்சாமியின் ரசீதுக் கட்டுகள்வரை மணந்தது. போட்டி நிறுவனத்து முதலாளியை ஒரு காரணமும் இல்லாமல் அழைத்துவந்து அந்த சோபாவில் உட்காரவைத்து, அவர் முகம் சுருங்குவதை நம்மவர் வயிறு குளிரப் பார்த்தார். பிறகு எல்லா ஊழியர்களையும் கூட்டினார். ஹலோ புதுப் புடவை கட்டி வந்திருந்தாள். கணவனிடம் சாயந்தரம் இனிப்பு வாங்கிவரச் சொல்லியிருந்தாள்.

“சொன்ன சொல்லைக் காப்பாத்துறவன் நான்,” என்று ஆரம்பித்தார் முதலாளி. “இன்னையிலேர்ந்து இந்தச் செடியைப் பாத்துக்கற பொறுப்பு இவங்களுக்கு நிரந்தரம்!”

எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் பாதி தட்டிவிட்டு நிறுத்தினாள்.

“சார், வேலை?”

“அதைத்தான்ம்மா யோசிச்சேன். நிரந்தரம்னு ஆக்கினா விதிப்படி உன்னை மாடிக்கு, பெரிய மேசைக்கு அனுப்பணும். இங்க புது ஆள் வந்து உக்காருவாங்க. கை மாறினா செடி தாங்குமா? நீயேதானே சொன்னே?”

“ஆமா, சொன்னாங்க,” என்றார் ஆமாம்சாமி.

அவள் செடிக்கு மேலிருந்த கண்ணாடிச் சட்டத்தை நிமிர்ந்து பார்த்தாள். தொலைபேசி அடித்தது, யாரோ எங்கோ மாட்டிக்கொண்டிருந்தார்கள். “ஹலோ, பதறாதீங்க,” என்றாள். இந்த முறை குரல் நடுங்கியது. மறுமுனையில் இருந்தவர் இன்னும் பலமாக அலற ஆரம்பித்தார்.

அந்த வார இறுதியில் ஒப்பந்தம் முடிந்து இடைவெளி வந்தது. அவள் வீட்டில் உட்கார்ந்தாள். முதல் நாளே ஆமாம்சாமி கூப்பிட்டார்.

“ஹலோ, நான்தான். சும்மா வந்து செடிக்குத் தண்ணி மட்டும் ஊத்திட்டுப் போயிடேன்.”

“வரலாம்ண்ணே. ஆனா வந்தா அது வேலை ஆயிடும். தொடர்ச்சியா வேலை பாத்த மாதிரி ஆயிடும். பரவாயில்லையான்னு சாரைக் கேளுங்க.”

அந்தப் பக்கம் ரிசீவரைக் கையால் பொத்தினார். பிறகு குசுகுசுவென்று பேச்சு. பிறகு முதலாளியின் குரல் தூரத்தில், “அய்யய்யோ, வரக் கூடாது!” என்றது. அவளுக்கு அந்த நிமிடம் உள்ளே ஏதோ அறுந்துபோயிற்று. இத்தனை வருடம் ஒரு வார்த்தைக்காக ஓடினோமே, அந்த வார்த்தை இவர்களிடம் இருந்ததே இல்லை என்று தோன்றியது.

மறுநாள் காலை, குளிர்காற்று சுழன்றடித்துக்கொண்டிருக்கும்போது கதவு தட்டப்பட்டது. வேன் ஓட்டுநர் நின்றிருந்தார், தொட்டியைக் கட்டிப்பிடித்தபடி. செடியின் தலையில் முதலாளியின் கம்பளி மப்ளர் சுற்றியிருந்தது. படிக்கட்டு நெடுகப் பூவும் மொட்டும் உதிர்ந்து கிடந்தன.

“சார் அனுப்பினாருக்கா. லீவு உங்களுக்குத்தானாம், செடிக்கு இல்லையாம். நீங்க வேலைக்கு வந்த மாதிரியும் ஆகாது, தண்ணி ஊத்தின மாதிரியும் ஆயிடும்னாரு. விடிய விடிய யோசிச்சாராம். எங்க வைக்கட்டும்?”

அவள் மப்ளரை அவிழ்த்தாள். பூ உதிர்ந்த காம்புகளுக்கு நடுவே இன்னும் சில பச்சை மொட்டுகள் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தன. கணவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னலோரத்து நாற்காலியை நகர்த்தி இடம் பண்ணிக்கொடுத்தான்.

“ஹீட்டர் பக்கத்துல வேணாம். அந்த மூலையில வைங்க,” என்றாள்.

ஓட்டுநர் வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். “இடைவெளி முடிஞ்சதும் வந்து தூக்கிட்டுப் போறேங்க்கா. நீங்களும் வண்டியிலயே வந்துடலாம்.”

வேறு வேலை தேட வேண்டும். எங்கே போய்த் தேடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மப்ளரை ஒழுங்காக மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

“வராதீங்க. மறுபடி இடம் மாத்தினா தாங்காது. செடி இங்கயே இருக்கும்னு சார்கிட்ட சொல்லிடுங்க.”

“அய்யோ, அப்ப நீங்கக்கா?”

“நான் எப்படிங்க வர முடியும்? கை மாறக் கூடாதுன்னு சாரே சொல்லியிருக்காரே,” என்றாள். “காத்து அடிக்குது, கதவைச் சாத்தணும்.”

மரியாதையாகத்தான் சாத்தினாள்.